நலவாழ்வுப் பக்கம்: எலும்புக்கும் உழைப்பு வேண்டும்



"அம்மா, நீங்கள் ஓரமாக உட்காருங்கள், குடத்தை நாங்கள் தூக்கிக்கொள்கிறோம்." அறுபது வயதைக் கடந்த தாய் உள்ள வீடுகளில் நாள்தோறும் கேட்கும் சொல் இது. சொல்பவர் மகளாயினும் மருமகளாயினும் அன்பினாலேயே சொல்கிறார். அந்த அன்புக்குச் சற்றுக் கசப்பாக இருக்கக்கூடிய செய்தி ஒன்றை இத்திங்கள் கூற விழைகின்றோம். தாயின் கையிலிருந்து எல்லாப் பளுவையும் வாங்கிக்கொள்ளும் வீடு, அவருடைய எலும்பின் வலிமையையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறது. முதிய பெண்களுக்கு ஓய்வு தேவைதான். ஆனால் ஓய்வு மட்டும் போதாது. மாலையில் மெல்ல நடந்து வருவதும் போதாது. எலும்பு வலுவோடு இருக்கவேண்டுமானால், "இது கனம்" என்று அது உணரும் அளவுக்கு அதற்கு வேலை தரவேண்டும். எவ்வளவு கனம், எத்தனை முறை, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பனவற்றை இங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எலும்பு கல் அன்று

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். முழங்கால் வலித்தாலும் கழுத்து வலித்தாலும் "எலும்புத் தேய்மானம்" என்றே நம் ஊர்களில் சொல்லிவிடுகின்றோம். முழங்காலில் தேய்வது பெரும்பாலும் மூட்டிலுள்ள குருத்தெலும்பு. அது வலிக்கும், வீங்கும். நாம் இங்குப் பேசுவது வேறொன்று. எலும்பின் உள்ளே அடர்த்தி குறைந்து, கரையான் அரித்த மரம்போல் அது உள்ளீடற்றுப் போகும் நிலையை மருத்துவர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பர். எலும்புப் புரை நோய் என்று தமிழில் கூறலாம். இதற்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. எலும்பு முறியும் நாள்வரை இது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை.

பின்னர் ஒரு நாள் குளியலறையில் கால் வழுக்கும். கையை ஊன்றிய அளவிலேயே மணிக்கட்டு முறியும். சிலருக்கு முதுகெலும்பின் கணுக்கள் ஓசையின்றி நசுங்கி உயரம் குறையும், கூன் விழும். எல்லாவற்றிலும் கொடியது, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது; இடுப்பெலும்பு முறிந்தது என்று நாம் சொல்வது இதனையே. அவ்வாறு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகின்றனர் என்பது பல நாடுகளின் மருத்துவக் கணக்கு. பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தனியே நடமாடுவதில்லை. ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முறையையே மாற்றிவிடும் விபத்து இது.

எலும்பு உயிருள்ள பொருள். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுதும் அருகருகே வேலை செய்கின்றன. வளர்ந்த மனிதரின் எலும்புகளில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. முப்பது வயதளவில் எலும்பின் சேமிப்பு உச்சத்தை அடைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. அதுவரை அரிக்கும் செல்களை அடக்கி வைத்திருந்த கை அத்துடன் அகன்றுவிடுகிறது. அடுத்த 5 முதல் 7 ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடக் குறையலாம். மேல்நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதளவில் மாதவிடாய் நிற்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கோ 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே இழப்பும் நமக்கு முன்னதாகவே தொடங்குகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதிலேயே அறுவை செய்து நீக்கிக்கொண்டவர்களுக்கு அது இன்னும் முன்னதாக வந்து சேர்கிறது.

இந்தச் சுரப்பு குறைந்தபின் எலும்புக்கு மிஞ்சியிருக்கும் காவல்கள் மூன்று: உணவு, வெயில், பளு. முதல் இரண்டை நாம் ஓரளவு அறிவோம். மூன்றாவதை மறந்துவிட்டோம்.

எலும்பு தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். சுமை அறவே நீங்கினால் என்ன ஆகும் என்பதை விண்வெளிப் பயணங்கள் காட்டின. எடையற்ற நிலையில் வாழும் விண்வெளி வீரர்களின் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்திற்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தியை இழக்கின்றன. அதனால்தான் அவர்கள் அங்கே நாள்தோறும் இரண்டு மணி நேர அளவுக்குப் பயிற்சி செய்கின்றனர். ஓடுவதோடு, பளுத் தூக்குவதற்கு ஒப்பான கருவியையும் பயன்படுத்துகின்றனர். இந்திய வம்சாவளியினரான சுனிதா வில்லியம்ஸ் 2024 சூன் முதல் 2025 மார்ச்சு வரை 286 நாள் விண்வெளியில் தங்க நேர்ந்தபோது அவருக்கு வயது 59 ஆயிற்று. அந்த வயதிலும் "நீங்கள் உட்காருங்கள்" என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருடைய எலும்புகள் மேலும் கரைந்திருக்கும்.

நாமக்கல் கோழி கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையைக் காண விண்வெளிக்குச் செல்லவேண்டியதில்லை. நாமக்கல் வட்டாரத்து முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றை எண்ணிப் பார்த்தாலே போதும். ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் எலும்புகள் அனைத்திலும் சேர்த்து இருப்பதோ ஏறத்தாழ 20 கிராம்தான். ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழி, தன் எலும்புகளில் உள்ளதைப்போல் முப்பது மடங்கு கால்சியத்தை ஓராண்டில் வெளியே அனுப்பிவிடுகிறது. எனவேதான் பண்ணையாளர்கள் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் கலக்கின்றனர்.

கோழிகளைத் தரையிலிருந்து கம்பிக் கூண்டுக்கு மாற்றும் வழக்கம் மேலைநாடுகளில் பரவிய 1950-களில், பண்ணையாளர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகள் திடீரென்று கால் துவண்டு எழ முடியாமல் விழுந்தன. ஆராய்ந்தபோது எலும்புகள் மெலிந்து, சில முறிந்தும் இருந்தன. இதற்குக் கூண்டுக்கோழிச் சோர்வு என்று பெயரிட்டனர். தீவனத்தைச் செம்மைப்படுத்தியபின் நோய் குறைந்தது. ஆயினும் கூண்டிலேயே நிற்கும் கோழியைவிட, நடக்கவும் தாவி ஏறி உட்காரவும் இடம் பெற்ற கோழிக்கு எலும்பு வலிமை மிகுதி என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. தீவனம் ஒன்றாயினும் எலும்பு ஒன்றாக அமைவதில்லை.

மனிதரைக் கோழியோடு ஒப்பிடுவதாக எவரும் வருந்தவேண்டா. இறைவன் படைத்த எலும்பின் நியதி பறவைக்கும் நமக்கும் பொதுவானது. கால்சியம் மாத்திரை வாங்கித் தந்துவிட்டு நாற்காலியில் அமர்த்தி வைக்கப்படும் தாய்க்கு, கிளிஞ்சல் கிடைக்கிறது. நடமாட இடம் கிடைக்கவில்லை.

எண்ணிக்கையா, கனமா?

அப்படியானால் எவ்வளவு உழைப்பு வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண உதவிய ஆய்வும் பறவையிடமே நடந்தது. ரூபின், லான்யன் என்னும் ஆய்வாளர் இருவர் 1984-ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். பறவையின் சிறகெலும்பு ஒன்றுக்கு வேறு எந்தச் சுமையும் சேராதபடி செய்து, குறித்த அளவு பளுவை நாளுக்குச் சில முறை மட்டும் ஏற்றி இறக்கினர். பளுவே இல்லாதபோது எலும்பு கரைந்தது. நாளுக்கு 4 முறை ஏற்றியபோது கரைவது நின்றது. 36 முறை ஏற்றியபோது புதிய எலும்பு வளர்ந்தது. அதற்கு ஆன நேரம் சற்றேறக்குறைய ஒரு நிமிடம். பின்னர் 360 முறையும் 1,800 முறையும் ஏற்றிப் பார்த்தனர். 36 முறையில் கிடைத்ததற்கு மேல் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை.

இதன் பொருளை நன்கு உள்வாங்கிக்கொள்ளுதல் வேண்டும். எலும்பு எண்ணிக்கைக்கு மயங்குவதில்லை. கனத்துக்கும், அது விரைந்து வந்து விழும் வேகத்துக்கும், பழக்கமில்லாத திசைக்கும்தான் அது செவிசாய்க்கிறது. ஒரே அளவான மெல்லிய தட்டலை ஆயிரம் முறை தட்டினாலும் கதவு திறப்பதில்லை. உரக்கச் சிலமுறை தட்டினால் திறக்கிறது. திறந்தபின் மேலும் தட்டுவதிலும் பயனில்லை. சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின்னரே எலும்பின் செல்கள் மறுபடியும் கூர்மையுடன் கேட்கின்றன.

பெண்களிடம் காண்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. பிரித்தானியாவில் 2,500-க்கு மேற்பட்ட பெண்களின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் சிறு கருவியைக் கட்டிப் பெற்ற பதிவுகளை, எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர் 2017-இல் ஆராய்ந்தனர். எலும்புக்குக் கனமான அசைவை நாளுக்கு ஒன்று முதல் இரண்டு நிமிடம் வரை செய்த பெண்களின் எலும்பு நலம், ஒரு நிமிடத்திற்கும் குறைவாகச் செய்தோரைக் காட்டிலும் 4 விழுக்காடு மேலாக இருந்தது. இரண்டு நிமிடத்திற்கு மேல் செய்தோருக்கு அது 6 விழுக்காடு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தக் கனமான அசைவு என்பது மெதுவான ஓட்டத்திற்கு ஒப்பானது. ஆனால் ஓடியதால் எலும்பு வலுத்ததா, எலும்பு வலுவாக இருந்ததால் அவர்கள் ஓடினரா என்பதை இத்தகைய ஆய்வு மட்டும் தீர்த்துவைக்க இயலாது.

தீர்த்துவைக்க நெருங்கிய ஆய்வு ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் நடந்து, 2018-இல் அச்சேறியது. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் அதில் பங்கேற்றனர். சராசரி வயது 65. சீட்டுக் குலுக்குவதுபோல் அவர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் வீட்டிலேயே இலேசான பயிற்சி செய்தனர். மறு பிரிவினர் வாரத்திற்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம், தேர்ந்த பயிற்சியாளரின் கண்பார்வையில் கனமான பளுவைத் தரையிலிருந்து தூக்கினர், தலைக்குமேல் உயர்த்தினர், தோளில் தாங்கி உட்கார்ந்து எழுந்தனர், குதித்துக் கால் ஊன்றினர். முதல் மாதம் முழுவதும் முறை பழகுவதற்கே ஒதுக்கப்பட்டது. எட்டு மாதம் கழித்து அளந்தபோது, கனமான பயிற்சி செய்தோரின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியிருந்தது; இலேசான பயிற்சி செய்தோருக்கு 1.2 விழுக்காடு குறைந்திருந்தது. எவருக்கும் எலும்பு முறியவில்லை. பயிற்சியால் நேர்ந்த இடர் ஒருவருக்கு ஏற்பட்ட சிறு முதுகுப் பிடிப்பு மட்டுமே. "வயதான பெண் பளுத் தூக்கினால் எலும்பு நொறுங்கிவிடும்" என்ற அச்சத்திற்கு இது தக்க மறுமொழி. எனினும் பயிற்சியாளர் உடனிருந்தார் என்பதையும், படிப்படியாகவே பளு கூட்டப்பட்டது என்பதையும் மறந்துவிடலாகாது.

அப்படியானால் நடை வீணா? ஒருபோதும் இல்லை. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரை நோய்க்கு நல்லது, மனத்துக்கும் நல்லது. முதுகெலும்பின் அடர்த்தியை மட்டும் அது தனியே கூட்டுவதாகத் தெரியவில்லை. பல்லாண்டு நடந்து பழகிய கால்களுக்கு நடை ஒரு புதுச் செய்தியைச் சொல்வதில்லை.

இங்கு இருவகைத் தீவிரங்களைப் பிரித்தறிதல் நலம். மூச்சின் தீவிரம் ஒன்று. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது நடுத்தர வேகம். பாடற்குழுவினர் இதை எளிதில் சோதித்துக்கொள்ளலாம். எலும்பின் தீவிரம் மற்றொன்று. அதற்கு மூச்சிரைக்கவேண்டியதில்லை, தசை கனத்தை உணரவேண்டும். எட்டு முறை தூக்கியபின் "இன்னும் இரண்டு முறை தூக்குவேன், மூன்றாம் முறை என்னால் ஆகாது" என்று தோன்றினால் அப்பளு உங்களுக்குப் போதுமானது. இருபது முறை சிரித்துப் பேசிக்கொண்டே தூக்க முடிந்தால், அது எலும்புக்குச் சென்று சேரவில்லை.

உழைப்பவரின் எலும்பும் மெலிவதேன்?

இங்கே வாசகர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்பலாம். செங்கல் சுமப்பவர், மரவள்ளிக் கிழங்கு மூட்டை தூக்குபவர், களை எடுப்பவர், விறகு கட்டுபவர் ஆகிய நம் ஏழைத் தாய்மார் வாழ்நாள் முழுதும் பளுத் தூக்கியவர்கள்தாமே? அவர்களுக்கு ஏன் கூன் விழுகிறது?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் மருத்துவர் வீணா சத்ருக்னா தம் குழுவினருடன் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 30 முதல் 60 வயது வரையிலான, வருவாய் குறைந்த 289 பெண்களை அவர்கள் சோதித்தனர். தொடை எலும்பின் கழுத்தில் பாதிப் பேருக்கு மேல் அடர்த்தி குறைந்திருந்தது. சுமார் 29 விழுக்காட்டினருக்கு எலும்புப் புரையே கண்டிருந்தது. அவர்கள் உணவில் கிடைத்த கால்சியம் நாளுக்குச் சராசரி 270 மில்லிகிராம். வளர்ந்தவருக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு 1,200 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. தேவையில் கால் பங்கு அளவே உண்டு, மூன்று நான்கு பிள்ளைகளைப் பெற்றுப் பாலூட்டி, ஓய்வின்றி உழைத்தால் எலும்பு எங்கிருந்து வளரும்? கொத்தனார் எத்தனை திறமையானவராயினும் செங்கல் வராவிட்டால் சுவர் எழும்பாது. பளு என்பது கட்டும்படி இடும் கட்டளை. உணவுதான் கட்டுமானப் பொருள். உண்ணாமல் உழைப்பதும், உழைக்காமல் உண்பதும் எலும்புக்கு ஒரே முடிவைத்தான் தருகின்றன.

செங்கல் நம் வட்டாரத்திலேயே உள்ளது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உள்ளது. ராகிக் களியை ஏழைச் சோறு என்று ஒதுக்கிவிட்டு அரிசிக்கு மாறியபோது நாம் எதை இழந்தோம் என்பதை இவ்விரு எண்களும் சொல்லும். 200 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம் கிடைக்கும். எள்ளும் முருங்கைக் கீரையும் முள்ளோடு உண்ணும் சிறு மீன்களும் துணை செய்யும். தசைக்கு வேண்டிய புரதத்திற்கு முட்டையும் பருப்பும் உண்டு. நாமக்கல்லில் இருந்துகொண்டு முட்டைக்கு எங்கே போவது என்று எவரும் கேட்கமாட்டார். வீட்டில் தாய் கடைசியாக உண்பவராக இருக்கும் வழக்கமும் இத்துடன் நிற்கட்டும்.

வெயிலும் வேண்டும். அது தரும் வைட்டமின் டி இல்லையேல் உண்ட கால்சியம் குடலில் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. சேலத்திலும் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிக்கூடங்களுக்குள்ளேயே பகலைக் கழிக்கும் பெண்கள் வெயில் நிறைந்த நாட்டில் வாழ்ந்தும் வெயில் காணாதவர்கள். நண்பகலை ஒட்டிய வேளையில் கையும் முகமும் படும்படி சிறிது நேரம் வெளியே நிற்பது அவர்களுக்கு நல்லது.

இன்னொரு செய்தி நம் மாவட்டத்தாருக்கு முக்கியமானது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. இதனால் எலும்பு தாக்கப்படுவது நம் நாட்டில் முதன்முதலாக விரிவாக எழுதப்பட்டது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், 1937-இல். இந்நோயில் எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகவே தோன்றும். ஆனால் அது எளிதில் முறியக்கூடியது. மூட்டுகளும் முதுகும் இறுகிவிடும். பல்லில் பழுப்புக் கறை பரவலாக உள்ள ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ள வேண்டும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, 1.5-க்கு மேற்பட்டால் குடிக்க ஆகாது.

வீட்டில் தொடங்கும் முறை

உரலும் உலக்கையும் ஆட்டுக்கல்லும் கிணற்று ராட்டினமும் இருந்த நாளில் பெண்களின் கையும் முதுகும் நாள்தோறும் கனம் கண்டன. மிக்ஸியும் குழாயும் வந்தது நல்லதே. அந்தப் பாடு மீண்டும் வரவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. உலக்கை கொடுத்ததை மட்டும் வேறு வழியில் திரும்பப் பெறுவோம். நடமாட்டம் நன்றாக உள்ளவர்கள் பின்வருமாறு தொடங்கலாம்.

முதலாவது, உட்கார்ந்து எழுதல். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்காருக. முடியாதவர் முதலில் கையூன்றிப் பழகலாம்.

இரண்டாவது, வாளி தூக்குதல். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஆகவே வாளியே நம் எடைக்கல். வாளியைத் தரையில் வைக்காமல் முக்காலி ஒன்றின்மேல் வைத்து, அருகில் நின்று, முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடக்கித் தூக்கி நிமிர்க. மூன்று லிட்டரில் தொடங்கலாம். இரண்டு வாரத்திற்கு ஒரு லிட்டர் கூட்டினால் போதும். எட்டு முறைக்கு மேல் எளிதாக இருக்கும்வரை கூட்டிக்கொண்டே போகலாம்.

மூன்றாவது, குதிகால் ஊன்றல். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, இடுப்பில் இலேசாக அதிர்வு தெரியும்படி தரையில் ஊன்றுக. பத்து முறையில் தொடங்கி முப்பது வரை செல்லலாம்.

நான்காவது, தலைக்குமேல் உயர்த்துதல். நீர் நிரப்பிய புட்டிகளை இரு கைகளிலும் பிடித்து, மேலே உயர்த்தி இறக்குக.

ஐந்தாவது, சமநிலை. ஒரு காலின் முன் மறுகாலை வைத்து, சுவருக்கருகில் பத்து வினாடி நிற்கப் பழகுக. எலும்பைக் காப்பதோடு விழாமல் காப்பதும் பாதி மருத்துவம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளை வாரத்தில் மூன்று நாளாவது செய்யவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது.

முதல் நான்கு வாரம் முறையைப் பழகுவதற்கே. பளுத் தூக்கும் பயிற்சி வாரத்திற்கு இரண்டு நாள், இடையில் இரண்டு நாள் இடைவெளி. தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. தூக்கியபடி உடலைத் திருப்பலாகாது. எலும்பு மெல்லக் கட்டுவதால், ஆறு மாதத்திற்குமுன் அளவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கவேண்டா. கால் வலுப்பதும் எழுவது எளிதாவதும் அதற்கு முன்னரே தெரியும்.

சிலர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவே கூடாது. சிறு விழுகையிலேயே எலும்பு முறிந்தவர், இளமையில் இருந்த உயரத்தில் இரண்டு அங்குலம் குறைந்தவர், கூன் விழுந்தவர், இதய நோயோ கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமோ உள்ளவர், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் உட்கொண்டவர் ஆகியோர் இதில் அடங்குவர். கடையில் பெயர் தெரியாமல் வாங்கும் வலி மாத்திரைகளில் சிலவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். இவர்கள் முதலில் டெக்ஸா என்னும் எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்வது நலம். அதில் டி-ஸ்கோர் என்னும் அளவு கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப் புரை எனக் கொள்வர். அந்நிலைக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசி மருந்தும் உள்ளன. பயிற்சி அவற்றுக்குத் துணையே அன்றி மாற்று அன்று. இத்தகையோர் முன்னோக்கிக் குனிந்து முதுகை வளைக்கும் ஆசனங்களையும், குதிப்பதையும் தவிர்த்து, இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் பழகவேண்டும்.

பங்கில் செய்யத்தக்கது

இந்தப் பயிற்சியைத் தனியே செய்பவர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவர். கூடிச் செய்பவர் தொடர்வர். அன்பியக் கூட்டத்திற்கும் மரியாயின் சேனைக் கூட்டத்திற்கும் வரும் தாய்மார், செபமாலை முடிந்தபின் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். பங்குக்குழு மனம் வைத்தால், அருகிலுள்ள இயன்முறை மருத்துவர் ஒருவரை மாதம் ஒருமுறை பங்கு மண்டபத்திற்கு அழைத்து முறையைச் சரிபார்க்கச் செய்யலாம். ஆலயத்தில் முதியோருக்கு நாற்காலி இடுவது நற்செயல். ஆனால் நிற்கவும் முழந்தாளிடவும் இன்னும் இயலும் ஒருவரை "வயதாகிவிட்டது" என்ற காரணத்துக்காக மட்டும் அதில் அமர்த்திவிட வேண்டா. ஒரு திருப்பலியில் எத்தனை முறை எழுகின்றோம், அமர்கின்றோம், முழந்தாளிடுகின்றோம்! முழங்கால் இடம் தரும்வரை அதுவும் எலும்புக்கு ஊட்டமே.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரம் பதினெட்டு ஆண்டு கூனிப்போய் நிமிர முடியாதிருந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கூறுகிறது. அவருக்கு எந்த நோய் என்று நாம் ஆராயவேண்டியதில்லை. ஆனால் நம் ஆண்டவர், அவரை அவ்வாறே இருக்கட்டும் என்று விட்டுவிடவில்லை. தொழுகைக்கூடத்தின் ஓரத்தில் இருந்தவரைத் தாமே அழைத்தார். ஓய்வுநாள் என்று முணுமுணுத்தவர்களுக்கு நடுவிலே நிமிரச் செய்தார். வயதான பெண் குனிந்திருப்பது இயற்கை, அவர் ஓரத்தில் இருப்பது முறை என்று கருதுவோருக்கு அந்நிகழ்ச்சி ஒரு கேள்வி.

ஆகவே இல்லத்தாருக்கு நாம் வேண்டுவது இது. தாயிடமிருந்து வேலையின் சலிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்; கனத்தை முழுதும் வாங்கிக்கொள்ளாதீர்கள். அவர் தட்டில் முட்டையும் கேழ்வரகும் பாலும் விழுகின்றனவா என்று பாருங்கள். குளியலறைத் தரையில் வழுக்கலையும், இரவில் நடைவழியில் இருட்டையும் நீக்குங்கள். மூன்று லிட்டர் நீரோடு ஒரு வாளியை முக்காலியின்மேல் வைத்து, முதல் நாள் அவர் அருகில் நில்லுங்கள். நாற்பதைக் கடந்த மகளும் மருமகளும் அவரோடு சேர்ந்தே தூக்கினால் இன்னும் நன்று. அவர்களுடைய எலும்பின் கணக்கும் அந்த வயதில்தான் தொடங்குகிறது.